கமராவும் கரைவலையும்

கிழக்குக் கரையின் காலைப் பொழுது அழகானது. அதை மறுப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எந்தக் கடற்கரையில் நின்றாலும் ஞாயிறு கடலுக்குள்ளிருந்தே எழுகின்றது. தோணிகள் அதன் குறுக்கே போகின்றன. கரையோரத் தென்னைகள் சிவந்த வானத்தில் கோடு கிழிக்கின்றன. கண்ணுள்ள எவரும் இவற்றைப் படம்பிடிக்க விரும்புவர். கமரா என்பது ஒருகாலத்தில் ஸ்டூடியோக்காரரிடமும் வசதி படைத்த சில வீடுகளிலும் மட்டுமே இருந்த பொருள். இன்று கல்முனைச் சந்தையில் மீன் வெட்டுபவரின் மகனிடமும் அது கைத்தொலைபேசி வடிவில் இருக்கின்றது. ஆசிரியரும் மாணவரும் வங்கி எழுதுவினைஞரும் மருந்துக்கடைச் சிப்பந்தியும் விடுமுறை நாள்களில் கரைக்குப் போய்ப் படம் பிடிக்கின்றனர். பாடசாலைகளில் கண்காட்சி நடக்கின்றது. போட்டிகள் வைத்துப் பரிசும் வழங்குகின்றனர். இந்தப் பரவல் வரவேற்கத்தக்கதே.

ஆனால் இவ்வாறு எடுக்கப்படும் படங்களில் நூற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் கரையைப் பற்றி நாம் அறிந்துகொள்வது யாது? வானம் சிவப்பு, நீர் நீலம், கொக்கு வெள்ளை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே வாழ்பவர் யார், அவர் உண்பது எதை, அக்கரை எவருக்குச் சொந்தம், சென்ற ஆண்டு இருந்த மணல் இவ்வாண்டு எங்கே போயிற்று என்னும் கேள்விகளுக்கு அப்படங்களில் விடையில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் சினக்கின்றனர். “படம் அழகுக்காக எடுப்பது, அதற்குள் அரசியலைக் கொண்டுவராதீர்” என்கின்றனர். இக்கூற்று நமக்குப் புதிதன்று. சிறுகதையைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் ஒரு தலைமுறைக்கு முன்னர் இதே சொற்களில் கேட்டிருக்கின்றோம். இலக்கியத்தில் விடைபெற்றுப் போன வாதம் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மீண்டும் வந்திருக்கின்றது. ஆதலின் மீண்டும் பேச வேண்டியிருக்கின்றது.

நாம் அனைவரும் அறிந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். கரைவலை இழுக்கும் படம் அது. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி புறப்படுகின்றது. கடலில் வளைவாக வலையை வைத்துவிட்டு மறு தலைப்பைக் கரைக்குக் கொண்டுவருகின்றது. பின்னர் இரு பக்கமும் ஆள்கள் நின்று மணிக்கணக்காக இழுக்கின்றனர். நம் படப்பிடிப்பாளர் கரையில், இழுப்பவர்களின் பின்னால் நிற்கின்றார். எதிரே ஞாயிறு. கமரா வானத்தின் ஒளியை அளந்து அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. வானம் தன் நிறம் முழுவதோடும் விழுகின்றது. முன்னே நிற்கும் மனிதர்கள் கரிக்கோடுகளாகி விடுகின்றனர். முகமில்லை, வயதில்லை, உடையின் கிழிசல் இல்லை. வரிசையாகச் சாய்ந்து நிற்கும் சில நிழல்கள் மட்டும் எஞ்சுகின்றன. அப்படத்தின் கீழே ‘உழைப்பின் அழகு’ என்று எழுதுகின்றார்கள்.

இதை வெறும் தொழில்நுட்பச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. முகம் தெரிவதற்கு வழியுண்டு. கடலுக்கு முதுகைக் காட்டி, அலையில் இறங்கி, இழுப்பவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அன்றேல் ஞாயிறு மேலேறி வலை கரைசேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது முகம் தெரியும். கயிறு உரசிக் காய்த்த உள்ளங்கை தெரியும். மடியில் விழுந்த மீன் எவ்வளவு, அதற்கு விலை சொல்பவர் யார் என்பதும் தெரியும். வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு முதலில் கழிந்து, எஞ்சியது இழுத்தவர் அத்தனை பேருக்கும் பிரிவதைக் காணலாம். சில நாள்களில் அப்பங்கு ஒரு வேளைக் கறிக்கே போதாமற் போவதையும் காணலாம். இலங்கையின் பல கரைகளில் மனிதர் இழுத்த வலையை இன்று உழவு இயந்திரம் இழுக்கின்றது; இழுப்பவரின் தொழிலே கேள்விக்குறியாகி நிற்கின்றது. இவற்றுள் ஒன்றும் நம் படத்தில் இல்லை. ஏனெனில் வானம் வெளுத்தவுடன் படப்பிடிப்பாளர் வீடு திரும்பிவிடுகின்றார். இழுப்பவருக்கோ அப்போதுதான் பாதி வேலை முடிந்திருக்கின்றது.

இந்தப் பார்வை நம் இளைஞர்கள் தாமாகக் கண்டுபிடித்ததன்று. அது கைமாறி வந்த பார்வை. ஆங்கிலப் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், கோப்பித் தோட்டம் வைத்திருந்த தம் கணவருடன் 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் எடுத்த படங்களில் உழைக்கும் ஆண்களும் பெண்களும் இருக்கின்றனர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர்க்கும் அறிஞர்க்கும் பெயருண்டு. களுத்துறையில் எடுக்கப்பட்டவருள் பெரும்பாலோர் பெயரற்றவராகவே நின்றுவிட்டனர். பின்வந்த கொழும்பு ஸ்டூடியோக்கள் மீனவர், மரமேறி, கொழுந்து பறிப்பவர் என்று நம் மக்களை வகைவகையாகப் பிரித்து அஞ்சலட்டையாக்கிக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் ஆவணப்படத்தை இன்றும் உலகம் போற்றுகின்றது. லயனல் வென்ட் போன்ற பெருங்கலைஞர் அதற்குக் குரல் கொடுத்தார். அவர்களது ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அப்படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை என்பதையும் மறப்பதற்கில்லை. விற்பதற்கு ஒரு பொருள் இருந்தபோது விற்பனைக்கு ஓர் அழகிய தீவும் தேவைப்பட்டது.

இப்பார்வை முற்றிய இடத்தைக் காண விரும்புவோர் தென்கரைக்குப் போகலாம். கொக்கலை, வெலிகமைப் பகுதிகளில் கடலுக்குள் நட்ட கம்பின்மேல் அமர்ந்து தூண்டில் போடும் மீனவரின் படத்தை அறியாதார் இல்லை. இலங்கை என்றாலே அப்படம்தான் என்னும் அளவுக்கு அது உலகைச் சுற்றிவிட்டது. அத்தொழில் நலிந்து வருகின்றது. இன்று அக்கம்புகளில் அமர்ந்திருப்போரிற் பலர் மீனுக்காக அமரவில்லை. படமெடுக்க வருவோர் தரும் காசுக்காக அமர்ந்திருக்கின்றனர். தூண்டிலில் மீன் பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. தொழில் செத்து வேடம் வாழ்கின்றது. பிழைப்புக்காக வேடம் போடும் அம்மனிதரை நாம் குறைகூறவில்லை. அறுகம் குடாவின் தோணிகளுக்கும் நாளை இதே நிலை வரவேண்டுமா என்றே கேட்கின்றோம்.

“இதனால் யாருக்கு என்ன கெடுதி? அழகிய படம் ஒன்றையும் அழிப்பதில்லையே” என்று சிலர் சமாதானம் கூறுவர். அழிப்பதில்லைதான்; அழிவை மறைக்கின்றது. ஆளற்ற கடற்கரையின் படம் பார்ப்பவருக்கு ஒரு செய்தி சொல்கின்றது: இந்த இடம் வெறுமையாக இருக்கின்றது, வந்து எடுத்துக்கொள்ளலாம். 2010 ஜூலையில் பாணமையில் என்ன நடந்தது? காலங்காலமாகச் சேனைப்பயிர் செய்துவந்த குடும்பங்களின் குடிசைகள் இரவில் எரிக்கப்பட்டன, மக்கள் விரட்டப்பட்டனர். பின்னர் அந்நிலங்களில் படை முகாம்கள் எழுந்தன. கடற்படை நடத்தும் உல்லாச விடுதியும் எழுந்தது. அவ்விடத்துக் கடலும் வாவியும் படத்தில் இன்றும் மிக அழகாகவே விழும். விரட்டப்பட்டவர் சிங்கள விவசாயிகள் என்பதால் தமிழ் பேசும் நமக்கு அதில் அக்கறையில்லை என்று எவரேனும் கருதினால், கரையில் நிலமிழப்போருக்கு மொழி ஒரு வேலியாகாது என்பதை அவர் காலந்தாழ்த்தி அறிவார்.

நம் வீட்டு வாசலுக்கே வருவோம். டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட கல்லணைகள் கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயிலிலும் மணல் மேடிட்டுப் படகுகளின் வழியை அடைத்தது. வடக்கே மணல் வரத்தின்றிக் கடல் நிலத்தைத் தின்றது. தென்னந்தோட்டங்களும் மீனவர் வாடிகளும் கடலுக்குள் போயின. வணிகக் கப்பல்கள் வரும் என்று சொல்லிக் கட்டிய துறைமுகத்தில் அவ்வணிகம் நடக்கவே இல்லை. அந்த ஒலுவிலில் நம் நண்பர்கள் அதிகமாகப் படமெடுத்தது எதை? வெளிச்சவீட்டை. ஒரு பக்கத்தில் கரை சரிந்துகொண்டிருக்க, நீல வானத்தின் கீழ் வெளிச்சவீடு நூற்றுக்கணக்கான படங்களில் கம்பீரமாக நின்றது. சற்றுத் திரும்பி வடக்கே கமராவைப் பிடித்திருந்தால், வேர் தெரியச் சாய்ந்த தென்னை ஒவ்வொன்றும் ஒரு சாட்சியாகியிருக்கும். நிலமிழந்தவர் நட்டஈடு கேட்கப் போகும்போது அதிகாரி எழுப்பும் முதற் கேள்வி, “கடல் முன்னர் எங்கே நின்றது?” என்பதே. அதற்கு விடை சொல்லும் தேதியிட்ட படங்கள் ஊரில் எத்தனை பேரிடம் உண்டு?

வனவிலங்குப் படங்களின் கதையும் இதுதான். அம்பாறை மாவட்டத்தின் யானைகளைப் பசும்புல்லிலும் குளக்கரையிலும் வைத்துப் படமெடுப்பது நம் வழக்கம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த படக்கலைஞர் தர்மபாலன் திலக்சன் 2020இல் வேறொரு படத்தை உலகுக்குக் காட்டினார். ஒலுவிலை அடுத்த பள்ளக்காட்டில், மலைபோற் குவிந்த குப்பையின்மேல் யானைக்கூட்டம் நின்று பொலித்தீன் பைகளைக் கிளறித் தின்கின்றது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள நம் ஊர்கள் கொட்டிய குப்பை அது. 2014இல் மின்னல் தாக்கிப் பழுதான மின்வேலி திருத்தப்படாமலே கிடந்தது. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே பிளாஸ்ரிக் தின்று மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. குப்பையைக் கொட்டியவர் நாம். அதைப் படமெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. நம் ஊர்ப் படப்பிடிப்பாளர்கள் அவ்வழியே போகாதவர்களல்லர். போனார்கள், யானையைக் கண்டார்கள், குப்பை சட்டத்துக்குள் விழாதவாறு ஒதுங்கி நின்று படமெடுத்தார்கள், அல்லது எடுக்காமலே திரும்பினார்கள்.

பறவைப் படம் எடுப்பவருக்கும் ஒரு சொல். கூட்டுக்கு நெருங்கிச் சென்றால் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். அது திரும்பும்வரை முட்டையும் குஞ்சும் வெயிலில் வேகும், காகத்துக்கு இரையாகும். முட்டையிடக் கரையேறும் ஆமையின் கண்ணில் வெளிச்சம் பாய்ச்சினால் அது முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். குஞ்சின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய படத்துக்கு ‘இயற்கையின் மீது காதல்’ என்று பெயரிடுவது கொடுமை.

இதுவரை அழகை மட்டும் தேடுவோரைப் பற்றிப் பேசினோம். நம் பக்கத்திலும் ஒரு நோய் உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சமுதாய உணர்வு கொண்ட சில இளைஞர்கள் அழகை விட்டு வறுமையைத் தேடிப் புறப்படுகின்றனர். சுருக்கம் விழுந்த கிழவி, மூக்கொழுகும் குழந்தை, கருவாடு காயவைக்கும் பெண் ஆகியோரைக் கேளாமலே படமெடுத்து, சோகமான தலைப்பிட்டு, பரிசும் பெறுகின்றனர். செவ்வானத்தைத் தேடியவர் போலவே இவரும் பொருள் தேடியே போயிருக்கின்றார்; பொருள்தான் வேறு. 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டொரோத்தியா லாங் எடுத்த ‘புலம்பெயர் தாய்’ படம் உலகப் புகழ் பெற்றது. பட்டினி கிடந்த கூலிகளின் முகாமுக்கு அப்படத்தால் அரசு உணவு அனுப்பியது. அது வந்து சேர்வதற்குள் அத்தாய் பிள்ளைகளுடன் வேறிடம் போய்விட்டாள். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1978இலேதான் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அவள் பெயர் வெளிவந்தது. அப்படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றே அவள் மனம் வருந்தினாள். லாங் அம்மையார் ஏழைகளின் பகைவரல்லர். மிக நல்ல நோக்கமுடையவர். நல்ல நோக்கமும் பெயரைக் கேட்க மறந்தது.

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. எவர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று சலாம் சொல்லி, உள்ளிருந்து பதில் வந்த பின்னரே காலை எடுத்து வைப்போம். பதில் வராவிட்டால் திரும்பிவிடுவோம். ஏழையின் குடிசையாயினும் முறை இதுவே. கமரா மட்டும் இம்முறைக்கு விலக்காவது எவ்வாறு? வேலியில்லாத வாடியில் வாழ்பவருக்கு வாசலே இல்லை என்று நினைத்துவிட்டோமா? படம் எடுக்கலாமா என்று கேட்பதும், வேண்டாமென்றால் கமராவைத் தாழ்த்துவதும், எடுத்த படத்தின் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நம் பண்பாட்டில் ஏற்கனவே உள்ளவையே. அவற்றைக் கற்க வெளிநாட்டு நூல்கள் தேவையில்லை.

இவ்வளவும் கூறியதிலிருந்து பொழுதுபோக்குப் படப்பிடிப்பைக் கைவிடச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். நமது வாதம் இதற்கு நேர்மாறானது. தொழில்முறைக் கலைஞருக்கு வாய்க்காத இரண்டு வலிமைகள் ஊர்ப் படப்பிடிப்பாளருக்கு உண்டு. அவருக்குப் பணம் கொடுக்கும் முதலாளி இல்லை. ஆதலால் எதை எடுக்கக்கூடாது என்று கட்டளையிடுபவரும் இல்லை. மேலும், அவர் அவ்வூரிலேயே இருக்கின்றார். வெளியிலிருந்து வருபவர் ஒரு நாளைக் காண்கின்றார். இவர் ஆண்டு முழுவதையும் காண்கின்றார்.

வரலாறு இதற்குச் சான்று. 1926இல் ஜெர்மனியின் தொழிலாளர் சித்திர வார இதழ் ஒன்று, உங்கள் வாழ்க்கையை நீங்களே படமெடுத்து அனுப்புங்கள் என்று தன் வாசகரை அழைத்தது. ஆலைத் தொழிலாளர் ஓய்வு நேரத்தில் மலிவான கமராக்களுடன் புறப்பட்டனர், சங்கம் அமைத்தனர், தமக்கென ஓர் இதழும் நடத்தினர். 1933இல் ஹிட்லர் ஆட்சி அவ்வியக்கத்தை நசுக்கியது. 1943இன் வங்கப் பஞ்சத்தை உலகின் மனச்சாட்சி முன் வைத்த சுனில் ஜானா அப்போது தொழில்முறைப் படக்கலைஞரல்லர். கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் பயின்ற மாணவர், பொழுதுபோக்காகப் படமெடுத்தவர். பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. சி. ஜோஷி அவரை அழைத்துக்கொண்டு பஞ்சம் வாட்டிய ஊர்களுக்குச் சென்றார். மாணவர்களே, உங்கள் வயதை ஒத்த ஒருவரின் கமரா ஒரு பேரரசின் பொய்யை உடைத்தது.

நம் கரைக்கோ இத்தகைய நினைவேடு இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் வேறெந்த மாவட்டமும் இத்துணைப் பேரை இழக்கவில்லை. வீட்டோடு படங்களும் போயின. இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு படமுமற்ற தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். அதற்கு முந்திய கல்முனைக் கரை எவ்வாறு இருந்தது, சாய்ந்தமருதின் எந்த ஒழுங்கை எங்கே முடிந்தது என்பதை இன்றைய மாணவருக்குக் காட்ட நம் கையில் என்ன இருக்கின்றது? அழிவுக்குப் பின் வந்த வெளியூர்க் கமராக்களின் படங்கள் தூர தேசத்து நிறுவனங்களிடம் இருக்கின்றன. அழிவுக்கு முந்திய சாதாரண நாள்களை எடுக்கக் கூடியவர் உள்ளூரார் மட்டுமே. சாதாரண நாள் என்பதால் அவர் எடுக்காமல் விட்டார்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ஒவ்வொரு படத்துக்கும் நாள், இடம், படத்தில் இருப்பவர் இசைந்தால் அவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கரையில் அசையாத ஓர் அடையாளத்தைத் தெரிவுசெய்து, பள்ளிவாசல் மதிலோ கோயிற் படியோ பழைய கிணறோ எதுவாயினும், அதே இடத்தில் நின்று மாதந்தோறும் ஒரு படம் எடுங்கள். ஐந்து ஆண்டுகளில் அறுபது படங்கள் சேரும். எந்தப் பொறியியலாளரும் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. கண்காட்சியைப் பாடசாலை மண்டபத்தோடு நிறுத்தாமல் மீன் இறங்கும் கரைக்கும் கொண்டுபோங்கள். படத்தில் இருப்பவர் அதைப் பார்த்து, “இது பொய்” என்று சொன்னால் அத்தீர்ப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு எழுவதையும் எடுங்கள், யாரும் தடுக்கவில்லை. எடுத்த பின்னர் வலை கரைசேரும்வரை நில்லுங்கள்.

போட்டிகளுக்கு நடுவராக அமரும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. ‘இயற்கைக் காட்சி’, ‘வனவிலங்கு’, ‘கிராமிய வாழ்வு’ என்று மூன்று பெட்டிகள் செய்து மாணவரின் கண்ணைப் பிரித்து வைத்தவர்கள் நாம்தாம். குப்பைமேட்டு யானையை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல்தான் மாணவர் அதை எடுக்காமல் வருகின்றனர். அப்பெட்டிகளை உடையுங்கள். வாடைக்காலம் தொடங்கினால் கடல் மீண்டும் கரையைத் தின்னும். நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் அலை இன்னும் சில அடி உள்ளே வரும். மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் அதே இடத்தில் ஒரு படம், இரண்டுக்கும் இடையில் எவர் எதை இழந்தார் என்று மாணவரே விசாரித்து எழுதிய பத்து வரி: அடுத்த போட்டிக்கு இதைத் தலைப்பாக வையுங்கள்.